ஆயுத பூஜை அழுக்கு

அத்தியாயம் 4

"இந்த போட்டோ பொய்யி நைனா," என்றாள் வேம்புலியம்மாள். "ஆனா பாக்கறதுக்கு நெஜம் மாதிரியே கீது. நான் இன்னா பண்ணட்டும்?"

அம்பத்தூர் ஓ.டி.யில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் எங்கள் பஞ்சவர்ணம் துப்பறியும் நிலையம். நிலையத்தில் இரண்டு பேர். துப்பறிவது பஞ்சவர்ணம். டீ வாங்குவது, வண்டி துடைப்பது, ஆள் பின்னால் அலைவது, மாட்டிக்கொண்டால் அடி வாங்குவது எல்லாம் எத்திராஜ் என்கிற நான். 1998 மார்ச் மாதத்து வெயில் தகரத்தின் வழியாகத் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை.

பஞ்சவர்ணம் அக்கா ஆவடியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். நல்ல பீஸ் எது, கெட்ட பீஸ் எது என்று பல வருஷம் பார்த்துச் சலித்து, இனி மனுஷர்களைப் பார்க்கலாம் என்று வெளியே வந்துவிட்டார். மனுஷர்களில் ரிஜெக்ட் ஆகிறவர்கள்தான் அதிகம் என்பது அவர் கட்சி. எனக்கும் அதே கட்சிதான். என்ன, என் கணக்கில் நாங்கள் இருவரும் சேர்த்தி.

வேம்புலியம்மாளின் பக்கத்தில் அவள் புருஷன் தேவராஜ் உட்கார்ந்திருந்தான். வலது கையைத் துண்டால் மூடியிருந்தான். மூடுவதற்கு உள்ளே கை இல்லை.

எஸ்டேட் என்று நாங்கள் சொல்கிற அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் அவன் ஆபரேட்டர். பவர் பிரஸ் என்பது தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலேயிருந்து அச்சு இறங்கி அடிக்கிற மெஷின். கை உள்ளே போகாமலிருக்க முன்னால் ஒரு கம்பிக் கூண்டு வேண்டும். கார்டு என்பார்கள். தேவராஜின் மெஷினுக்கு அது கிடையாது. பல தடவை கேட்டும் போடவில்லை. டிசம்பரில் அச்சு இறங்கியபோது கை உள்ளே இருந்தது.

"கார்டு இருந்துச்சு, வேகமா ஓட்றதுக்கோசரம் இவரே கழட்டிப் போட்டாருன்னு கம்பெனி சொல்லுது," என்றாள் வேம்புலியம்மாள். "தானா கழட்டினா நஷ்டஈடு தர வாணாமாம். வேலையும் கெடயாதாம். திங்கக்கிழமை லேபர் கமிஷனர் ஆபீஸ்ல விசாரணை. கூட வேலை செஞ்சவன் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்றான். வாயத் தொறந்தா அவன் கஞ்சிக்கு எங்க போவான், அதும் நியாயந்தான்."

"இந்த போட்டோ?"

"இதான் அவங்க சாட்சி. ஆயுத பூஜை அன்னிக்கி கம்பெனி புஸ்தகத்துக்காக எடுத்தது. மேனேஜர் பார்த்தசாரதி கையெழுத்து போட்டு எங்களுக்கும் ஒரு காப்பி குட்த்துட்டாரு. பாரு, கார்டு கீது."

இருந்தது. பச்சை நிற பிரஸ், அதன் தலையில் சாமந்தி மாலை, உடம்பெல்லாம் சந்தனம் குங்குமம். பக்கத்தில் புதுச் சட்டையில் தேவராஜ், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு. மெஷினின் வாய்க்கு முன்னால் மஞ்சள் கம்பிக் கூண்டு. கைப்பிடியில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மூலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. பல வருஷம் உழைத்த கூண்டு என்று யாரும் சொல்வார்கள்.

"நீ கழட்டினியா அண்ணாத்தே?" என்று தேவராஜைக் கேட்டேன்.

"இருந்தாத்தானே கழட்ட," என்றான். அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

பஞ்சவர்ணம் மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் போட்டோ மேல் கவிழ்ந்தார். நான் போய் டீ வாங்கிக்கொண்டு வந்து, அது ஆறி, ஏடு படிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எத்திராஜ், நீ பட்டறையில வேலை பார்த்தவன்தானே? ஆயுத பூஜைக்கு முதல் நாள் என்ன பண்ணுவீங்க?"

"மிஷினை மண்ணெண்ண ஊத்திக் கழுவுவோம். வேஸ்ட் துணி போட்டுத் தொடைப்போம். பெயிண்ட் அடிப்போம். சூப்பர்வைசர் வந்து வெரல் வெச்சுப் பாப்பான். வெரல்ல அழுக்கு ஒட்டிச்சுன்னா இன்னொரு தபா கழுவணும்."

"ஏதாவது ஒண்ணை விட்டுவைப்பீங்களா?"

"பட்டறை நாயக்கூட குளிப்பாட்டிப் பொட்டு வெப்போம் யக்கா."

"அப்போ இந்தக் கூண்டை மட்டும் ஏன் கழுவலை?"

நான் போட்டோவை வாங்கிப் பார்த்தேன். மெஷின் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கீழே தரையைக்கூடத் தேய்த்துக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். கூண்டு மட்டும் எண்ணெய் வடிய நின்றது. அதில் ஒரு பொட்டுகூட இல்லை. வருஷத்தில் வேறு எந்த நாளில் எடுத்திருந்தாலும் அந்த அழுக்கு நிஜமாகியிருக்கும். எஸ்டேட்டில் அழுக்கே இருக்கக் கூடாத ஒரே நாளில் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"பழைய கூண்டை வேற எங்கிருந்தோ கொணாந்து மாட்டிட்டு போட்டோ புடிச்சிருப்பானுங்க," என்றேன்.

"மாட்டலை. கண்ணாடி வெச்சுப் பாரு. கைப்பிடிக்குப் பக்கத்துல கிரீஸ்ல ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. தெரியுதா? இப்போ வலது மூலையைப் பாரு. கீழ்ச் சட்டத்தைப் பாரு."

பார்த்தேன். அதே ரேகை, அதே வெட்டு, அதே சாய்வு. கூண்டு முழுக்க ஒரே கட்டைவிரல், ஒரே அழுத்தத்தில்.

"எந்த மனுஷனும் ஒரே மாதிரி ரெண்டு தடவை விரல் வைக்க மாட்டான்," என்றார் பஞ்சவர்ணம். "இது நகல் எடுத்து நகல் எடுத்து ஒட்டின அழுக்கு. கம்ப்யூட்டர்ல செஞ்சது. இந்தப் பக்கத்துல அப்படிச் செய்யறவங்க யாரு இருக்காங்க?"

"டிவில நெய் டின்னு டான்ஸ் ஆடுமே, அத பண்ணவன் பூந்தமல்லி ரோட்ல கீறான். நாகப்பன்னு பேரு. என் தங்கச்சி ஊட்டுக்காரன்தான் அங்க வாட்ச்மேன்."

"கிளம்பு," என்றார்.

வேம்புலியம்மாள் எழுந்து நின்றாள். "இவருக்கு இனிமே யாரும் வேலை தர மாட்டாங்கம்மா. அத்த மட்டும் மனசுல வெச்சுக்கோ," என்றாள். போட்டோவை எங்களிடமே விட்டுவிட்டுப் போனாள்.

*

அந்த வியாழக்கிழமை எங்கள் டிவிஎஸ் ஃபிப்டி, திருவேற்காடு தாண்டும்வரை மூன்று முறை நின்றது. நின்ற போதெல்லாம் பஞ்சவர்ணம் இறங்கி ஓரமாக நின்றார். தள்ளியது நான்.

நாகப்பனின் ஸ்டுடியோ ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. உள்ளே குளிர்சாதனம் உறுமியது. கம்ப்யூட்டர்களுக்குத்தான் அது, மனுஷர்கள் போர்வை போர்த்திக்கொண்டு வேலை செய்தார்கள்.

"முதலாளி வெளிய போயிருக்கார், வந்துடுவார்," என்று எழுந்து வந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பெயர் லோகநாயகி. வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறாள். அவள் எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டபோது பஞ்சவர்ணத்தின் கண் அவள் வலது கட்டைவிரலில் நின்றது. என் கண்ணும் நின்றது. குறுக்கே ஒரு பழைய வெட்டு.

"அருவாமனையா?" என்று கேட்டார் பஞ்சவர்ணம், சாதாரணமாக.

"ஆமா மேடம். வாழைப்பூ நறுக்கினப்போ." சிரித்தாள்.

"எங்க கம்பெனிக்கு ஒரு வேலை ஆகணும்மா. பார்த்தசாரதி சார் பிரஸ்ஸுக்கு நீங்க கார்டு பண்ணிக் கொடுத்தீங்களாமே, அதே மாதிரி. எப்படிப் பண்றீங்கன்னு கொஞ்சம் சொல்லு."

லோகநாயகியின் முகம் மலர்ந்துவிட்டது. அவள் வேலையைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. திரையில் ஒரு கூண்டை வரவழைத்தாள். சாம்பல் நிறத்தில், களிமண்ணில் பிடித்தது போல இருந்தது.

"இது உருவம் மட்டும். இன்னொருத்தர் கட்டிக் கொடுப்பார். இதைப் பார்த்தா இரும்பா, மரமா, சோப்பா, என்னன்னே தெரியாது. அது எதால ஆனதுன்னு பார்க்கிறவங்க கண்ணுக்குச் சொல்றதுதான் என் வேலை. லுக் டெவலப்மென்ட்னு சொல்வாங்க."

"பெயிண்ட் அடிக்கற வேலையா?" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க அண்ணா." ஒரு பொத்தானை அழுத்தினாள். கூண்டு மஞ்சளானது. "பாருங்க, நிறம் வந்துடுச்சு. இரும்பா தெரியுதா?"

"திருவிழாக் கடை பொம்மையா தெரியுது."

"அதான். நிறம் ஒரு அடுக்கு மட்டும்தான். வெளிச்சம் பட்டா எவ்வளவு திருப்பிக் கொடுக்கும்ங்கிறது இன்னொரு அடுக்கு. பெயிண்ட் ஒரு மாதிரி பளபளக்கும், பெயிண்ட் போன இரும்பு வேற மாதிரி, எண்ணெய் படிஞ்ச இடம் இன்னொரு மாதிரி. அப்புறம் மேடு பள்ளம், கீறல். ஒவ்வொண்ணையும் தனித்தனியா வரைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு போடணும். கடைசியில போட்டோவுல வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருதோ அதே பக்கம் இங்கயும் விளக்கு வைக்கணும்."

அடுக்கடுக்காகப் போட்டுக் காட்டினாள். பொம்மை மறைந்தது. கம்பி கனத்தது. கைப்பிடியில் பெயிண்ட் உரிந்து இரும்பு மின்னியது. தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டும் என்று தோன்றியது. நான் பட்டறையில் வேலை செய்தவன், எனக்கே தோன்றியது. ஒரு பக்கம் ஆச்சரியம். இன்னொரு பக்கம், இந்தப் பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம்தானே ஒருத்தன் வாயில் மண்ணைப் போடப் போகிறது என்று வயிறு எரிந்தது.

"அழுக்கு எங்க இருந்து எடுக்கறீங்க?" என்றார் பஞ்சவர்ணம்.

"என் கைதான் மேடம். கிரீஸைத் தடவி வெள்ளைப் பேப்பர்ல வெச்சு ஸ்கேன் பண்ணிடுவேன். மிஷின்ல மெமரி பத்தாது, அதனால ஒண்ணையே அங்கங்க போட்டேன். ஒரு பொருளுக்கு நேத்துன்னு ஒண்ணு இருக்கணும் மேடம். எங்க கை பட்டுச்சு, எங்க எண்ணெய் வடிஞ்சுதுன்னு காட்டினாத்தான் நம்புவாங்க. மிஷின் புது பெயிண்ட்ல இருந்துச்சு. கார்டும் புதுசா இருந்தா ஒட்ட வெச்ச மாதிரி தெரியும்னுதான் அழுக்கு போட்டேன். பிடிச்சிருந்ததா அவங்களுக்கு?"

பஞ்சவர்ணம் கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து அவள் முன் வைத்தார்.

லோகநாயகி குனிந்தாள். மாலையைப் பார்த்தாள். கோலத்தைப் பார்த்தாள். தேவராஜைப் பார்த்தாள்.

"எங்கிட்ட மிஷினோட வாய்ப் பக்கத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தாங்க. முழுப் படத்துல சேர்த்தது முதலாளிதான்." குரல் இறங்கியிருந்தது. "இவர் யாரு மேடம்?"

"ஆபரேட்டர்," என்றார் பஞ்சவர்ணம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து நாகப்பன் உள்ளே வந்தார். ஐந்து விரலிலும் மோதிரம், இடுப்பில் பேஜர். பஞ்சவர்ணம் குரலை உயர்த்தினார்.

"வேலை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ரெண்டு குறை. ஆயுத பூஜை அன்னிக்கு எந்தக் கார்டுல அழுக்கு இருக்கும்? கழுவி, பெயிண்ட் அடிச்சு, பொட்டு வெச்சிருப்பாங்களே. அதைவிட மோசம், ஒரே கட்டைவிரல் ரேகை எல்லா இடத்துலயும் இருக்கு. கண்ணாடி வெச்சுப் பார்த்தா குழந்தைகூடச் சொல்லிடும். எங்க வேலையில இந்தத் தப்பு வரக்கூடாது. பார்த்தசாரதி சாருக்கும் சொல்லிடுங்க, வெளியாள் யாராவது பார்த்தா அசிங்கம்."

நாகப்பனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, நிறம் மட்டும் போய்விட்டது. "சொல்லிடறேன் மேடம்," என்றார். நாங்கள் படி இறங்குவதற்குள் டெலிபோன் சுழற்றும் சத்தம் கேட்டது.

*

"உனக்கு இன்னா ஆச்சு யக்கா?" கீழே வந்ததும் நான் வெடித்தேன். "நம்ம கையில இருந்ததே ரெண்டு ஓட்டை. ரெண்டையும் அவன்கிட்டயே சொல்லி, பஞ்சர் ஒட்டிக்கோடான்னு குட்த்துட்டு வந்துட்டியே."

"ஒட்டட்டும்."

"ஒட்டிட்டா அந்தாளுக்கு இன்னா மிஞ்சும்?"

"எத்திராஜ், அழுக்கைப் பத்தி நாம கமிஷனர்கிட்ட சொன்னா என்ன சொல்வாங்க? கார்டை மட்டும் கழுவ மறந்துட்டோம்பாங்க. ரேகையா, ஒரே ஆள் தினமும் தொடறான்பாங்க. ஒரு படம் வெச்சு வாதாடினா வாதம் நீளும். ரெண்டு படம் இருந்தா வாதமே கிடையாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே நாள், ஒரே நிமிஷம், ஒரே நெகட்டிவ். அதற்கு இரண்டு போட்டோ எப்படி இருக்க முடியும்?

"திருத்துவாங்கன்னு நிச்சயமா?"

"தரம் பார்க்கற வேலையில ஒண்ணு தெரிஞ்சுகிட்டேன். குறை இருக்குன்னு சொல்லிட்டா, செஞ்சவன் தூங்க மாட்டான்."

சரிதான். ஆனால் எனக்கு அந்தப் பெண்ணின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. "யக்கா, அந்தப் பொண்ணு போட்டோவப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு விஷயம் தெரியாது போலகீது. தனியா கூப்புட்டு நேரா கேட்டுப் பாக்கலாமா?"

"குட்டு வெளிப்பட்டா எல்லாருக்கும் முகம் அப்படித்தான் ஆகும். கேட்டா உஷாராயிடுவா, வலை கிழிஞ்சிடும். ரிஜெக்ட் பீஸ்கிட்ட நின்னு காரணம் கேட்டுக்கிட்டிருந்தா வேலை ஆகாது. வண்டியை எடு."

எடுத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளினேன்.

ஞாயிற்றுக்கிழமை நெமிலிச்சேரியில் தேவராஜ் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தான். கம்பெனி கொடுத்த போட்டோ சரியாக விழவில்லை, திருப்பிக் கொடுத்தால் நல்லதாகத் தருகிறோம் என்றான். பஞ்சவர்ணம் சொல்லிக் கொடுத்திருந்தபடி வேம்புலியம்மாள், "அந்த எழவு எங்கயோ, குப்பையோட குப்பையா போச்சு நைனா, ஒரு கை போனவன் ஊட்ல போட்டோவையா மாட்டி வெப்பாங்க?" என்று மூக்கைச் சிந்தினாள். நடிப்பில் பாதி நிஜம். வந்தவன் நிம்மதியாகப் போனான்.

*

திங்கட்கிழமை கமிஷனர் அறையில் பார்த்தசாரதி வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். இப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "முன்னால கொடுத்த போட்டோ தெளிவா இல்லைங்க. அதே நெகட்டிவ்ல இருந்து நல்ல பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருக்கோம். பழசை எடுத்துக்க அனுமதிக்கணும்."

"அதே நெகட்டிவ்தானா?" என்றார் கமிஷனர்.

"அதேதான் சார்," என்றார் பார்த்தசாரதி. "நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

புதுப் போட்டோ மேஜைக்கு வந்தது. அதே மாலை, அதே கோலம், கைகட்டி நிற்கிற அதே தேவராஜ். கூண்டு மட்டும் அப்போதுதான் பெயிண்ட் அடித்தது போல் மின்னியது. நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம். விரல் ரேகை ஒன்றுகூட இல்லை. லோகநாயகி குறை வைக்கவில்லை.

பஞ்சவர்ணம் வேம்புலியம்மாளின் வக்கீலிடம் எங்கள் போட்டோவைத் தள்ளினார். வக்கீல் அதை எடுத்துப் புதுசின் பக்கத்தில் வைத்தார்.

"இதுக்குப் பின்னாடியும் இவர் கையெழுத்துதான் இருக்குங்க. கம்பெனி சீலும் இருக்கு. ரெண்டும் ஒரே நெகட்டிவாம். ஒண்ணுல கார்டு அழுக்கு, ஒண்ணுல கார்டுக்குப் பொட்டு. எந்த நெகட்டிவ் சார் பீரோவுக்குள்ள இருந்தபடியே குளிச்சுப் பொட்டு வெச்சுக்கும்?"

கமிஷனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தேவராஜ் அன்று முதல் முறையாகத் தலை நிமிர்ந்தான். வேம்புலியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த நிமிஷத்தில் பஞ்சவர்ணம் காலில் விழலாம் போலிருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

அப்போது கதவருகே சத்தம் கேட்டது. ப்யூன் ஒருவரைத் தடுத்துக்கொண்டிருந்தார். தடுப்பை மீறி உள்ளே வந்தாள் லோகநாயகி. கையில் ஒரு காக்கி உறை. ஓடி வந்திருந்தாள், மூச்சு வாங்கியது.

"சார், அந்தக் கார்டு நிஜம் இல்லை. அதை நான்தான் செஞ்சேன்," என்றாள். "பாதுகாப்பு போஸ்டருக்குன்னு சொல்லித்தான் செய்யச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமை அழுக்கை எடுத்துட்டுப் பொட்டு வைக்கச் சொன்னாங்க. போஸ்டருக்கு எதுக்கு சார் பொட்டு? சந்தேகமா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை எஸ்டேட்டுக்குப் போய் விசாரிச்சேன், இவருக்குக் கை போனதும் இன்னிக்கு இங்க விசாரணைங்கிறதும் அப்போதான் தெரிஞ்சுது. இதுல முதல்ல எடுத்த படம் இருக்கு சார். கார்டு இல்லாதது. நேத்து ராத்திரியே ஸ்டுடியோவுல இருந்து எடுத்துட்டு வந்துட்டேன்."

கமிஷனர் பதில் சொல்வதற்குள் கம்பெனி வக்கீல் எழுந்துவிட்டார். அந்த வேகத்தை அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

"அவங்களே ஒப்புக்கறாங்க, தயவுசெய்து பதிவு பண்ணணும். செஞ்சது நான்தான்னு சொல்றாங்க. ஸ்டுடியோ பொருளைத் திருடிட்டு வந்ததையும் சொல்றாங்க. எங்க மேனேஜர் நெகட்டிவைக் கழுவி பிரிண்ட் போடத்தான் கொடுத்தார். அதுல இந்தப் பொண்ணு விளையாடியிருக்கு. நாங்களும் ஏமாந்தவங்கதான்."

"ஆமா சார்," என்றார் பார்த்தசாரதி மெதுவாக. "எனக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது."

"உங்க முதலாளி எங்கம்மா?" என்றார் கமிஷனர்.

"ஸ்டுடியோ காலையில பூட்டியிருக்கு சார். ஊர்ல இல்லைன்னு சொல்றாங்க."

பஞ்சவர்ணம் எழுந்தார். "சார், இந்தப் பொண்ணு உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கு. இதுக்கு எதுவும் தெரியாது."

"நீங்க இவங்களை முன்னாடியே பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"இவங்கதான் செஞ்சாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ உங்க சாட்சியா கூட்டிட்டு வந்திருக்கலாமே. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வந்திருந்தா இவங்க சாட்சி. இந்த ரெண்டாவது படத்தையும் செஞ்சுட்டு வந்திருக்காங்க. இப்போ இவங்களை நான் என்னன்னு எழுதறது?"

பஞ்சவர்ணம் உட்கார்ந்துவிட்டார்.

கமிஷனர் சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள். கார்டு இருந்ததாகக் கம்பெனி நிரூபிக்கவில்லை. தேவராஜுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். பொய் ஆவணம் தயாரித்தது பற்றிப் போலீஸ் விசாரிக்க வேண்டும். விசாரிக்க வேண்டியவர்களில் பார்த்தசாரதிக்கு முன்ஜாமீன் வாங்க வக்கீல் அப்போதே டெலிபோனைத் தேடி ஓடினார். நாகப்பன் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்தது தானாக வந்த ஒருத்திதான். வாசலில் நின்றிருந்த போலீஸ்காரரை உள்ளே அழைத்தார்கள்.

வெளியே வராந்தாவில் வேம்புலியம்மாள் லோகநாயகியின் முன்னால் போய் நின்றாள். நன்றி என்பதா, மன்னிப்பு என்பதா. கடைசியில், "சாப்ட்டியாம்மா?" என்றாள். லோகநாயகி இல்லையென்று தலையசைத்தாள். தேவராஜ் இடது கையைத் தூக்கிக் கும்பிட்டான். ஒரு கையால் கும்பிடுவதைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

"ஏம்மா, கெளம்பலாமா?" என்றார் போலீஸ்காரர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "வந்து எழுதிக் குடுத்துட்டா போயிடலாம்." அது பொய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

லோகநாயகி பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு வந்தப்பவே என் விரலைப் பார்த்துக் கண்டுபிடிச்சிட்டீங்க, இல்ல மேடம்?"

"ஆமா."

"நேரா கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே. இவர் யாருன்னு நான் கேட்டேன். ஆபரேட்டர்னு சொன்னீங்க. கை போன ஆபரேட்டர்னு சொல்லியிருந்தா அந்தப் பொட்டை நான் ஏன் வைக்கப்போறேன்?"

அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இரண்டு எட்டு வைத்தார்.

"நானும் ஸ்டேஷனுக்கு வர்றேன் லோகநாயகி."

"வேணாம் மேடம்," என்றாள் லோகநாயகி. "நீங்க வந்தா என்கிட்ட இன்னும் ஏதாவது கண்டுபிடிப்பீங்க."

போலீஸ்காரருக்கு முன்னால் அவளே படியிறங்கிப் போனாள்.